பெருந்தேவியை மலையிலிருந்து இறக்கினோம்

ஓடறோம்.

அம்மா முன்னாடி. தங்கச்சி அம்மா முதுகுல. ஜப்பான் பொம்பளைங்க கட்டற மாதிரி துணியால இறுக்கிக் கட்டியிருக்குது. நான் பின்னாடி. அம்மா சட்டை நுனி என் கையில. 1945, ஜூன் அஞ்சு. செவ்வாய்க்கிழமை. கோபே ஊரு. காலையில ஏழரை மணி இருக்கும். ஆனா விடிஞ்சது தெரியல. எங்க பாத்தாலும் கரும்புகை.

சத்தம் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன், கேட்டுக்கங்க. முதல்ல மேல ஒரு உறுமல். நெஞ்செலும்பு அதிரும். அப்பால உஸ்ஸுன்னு ஒண்ணு. அப்பால தகரக் கொட்டாய் மேல கல்லைக் கொட்டற சத்தம். அவ்ளோதான். டமால்னு எதுவும் இல்ல. அது நெருப்புக்குண்டு. இரும்புக் குழாய். உள்ள பசை மாதிரி எண்ணெய். ஒட்டினா விடாது. தண்ணி ஊத்தினாலும் எரியும்.

"மலைப்பக்கம்! மலைப்பக்கம் ஓடு!"

பக்கத்து வீட்டு ஹருகோ அம்மா கத்தறாங்க. அந்த ஊர்ல யாரும் இடது, வலதுன்னு வழி சொல்ல மாட்டாங்க. வடக்க மலை. தெற்க கடல். நடுவுல ஒரு பட்டை நிலம், அதுல ஊரு. ஊருக்கு நடுவுல தூண் மேல ரயில் பாதை. அதனால மலைப்பக்கம், கடல்பக்கம், அவ்ளோதான் திசை. கடல்பக்கம் கிடங்குங்க எரியுது. அங்க தான் நைனா வேலைக்குப் போயிருக்கார். அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தா. அப்பால பாக்கல.

நான் வரதன். இப்போ செவிலிமேட்டுல இருக்கேன். காஞ்சிபுரத்துக்காரன் கோபேல எங்க ஓடினான்னு கேப்பீங்க. கேளுங்க. ஆனா உச்சு கொட்டாதீங்க. உச்சு கொட்டறதுக்காக நான் சொல்லல. மறந்துடக் கூடாதுன்னு சொல்றேன்.

நைனா சின்ன காஞ்சிபுரத்து ஆளு. கச்சாப்பட்டு தரம் பிரிக்கறவர். அப்போல்லாம் இந்தியாவுக்கு ஜப்பான் பட்டும் கப்பல்ல வரும். கோபேல ஒரு வடநாட்டு சேட்டு கம்பெனி அவரை வேலைக்குக் கூப்பிட்டுச்சு. குடும்பத்தோட போனார். நான் கைக்குழந்தை. தங்கச்சி அங்கயே பொறந்தா. பெருந்தேவின்னு பேரு வெச்சாங்க. வரதராஜப் பெருமாள் கோயில் தாயார் பேரு. ஹருகோ அம்மா வாயில அது நுழையல. தேபி-சான்னு கூப்பிடுவாங்க. நாங்க தேவின்னு கூப்பிடுவோம். அப்பால சண்டை வந்துச்சு. கப்பல் நின்னுச்சு. மாட்டிக்கினோம். பட்டு வியாபாரம் போச்சு. நைனா பாராசூட்டுக்குப் பட்டு பிரிச்சார். இன்னா பண்ணுவார் மனுஷன். சோறு வேணுமே.

மார்ச் பதினேழு, விடியறதுக்கு முன்னாடி முதல் பெரிய குண்டுவீச்சு. ஊரோட மேற்குப் பக்கம் பூரா சாம்பல். எங்க தெரு தப்பிச்சுது. ஹருகோ அம்மா அன்னைக்கே சொன்னாங்க, புள்ளைங்கள இங்க வெச்சுக்காதீங்கன்னு. அவங்க தம்பி கோயாசான் மலை மேல ஒரு கோயில்ல சாமியார். பட்டணத்துப் புள்ளைங்கள மலைக் கோயிலுங்களுக்கு அனுப்பிக்கினு இருந்த காலம் அது. ரயில் ரயிலா போச்சுங்க. எங்களுக்கும் அங்க ஒரு ரூம் கிடைச்சுது. நைனாவுக்கு லீவு இல்ல. அம்மா, நான், தேவி கிளம்பினோம்.

அந்த வழி இன்னைக்கும் எனக்கு மனப்பாடம். வீட்டுச் சாவி எங்க வெச்சேன்னு கேட்டா தெரியாது. இது தெரியும். கோபேலேர்ந்து கிழக்க ஓசாகா. அந்த ஊரைக் குறுக்க கடந்தா நம்பா ஸ்டேஷன். அங்கேர்ந்து வண்டி தெற்க போகும். சகாய். கவாச்சி நாகானோ. அது வரைக்கும் வயலு, ஓட்டு வீடு. நம்ம வாலாஜாபாத் பக்கம் போற மாதிரி தான் இருக்கும். அப்பால மலை மறிக்கும். குகை. குகை தாண்டி இறங்கினா ஒரு ஆத்துப் பள்ளத்தாக்கு. ஹாஷிமோட்டோ. ஆத்தைத் தாண்டி குடோயாமா. அங்கேர்ந்து ஏத்தம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். வளைவுக்கு வளைவு சக்கரம் கிறீச்சுன்னு கத்தும். பல்லு கூசும். கடைசி ஸ்டேஷன் கோகுராகுபாஷி. சொர்க்கத்துப் பாலம்னு அர்த்தமாம். தூ. அதுக்கு மேல ரயில் ஏறாது. கம்பி கட்டி இழுக்கற வண்டி ஒண்ணு. உள்ள படிக்கட்டு மாதிரி சாஞ்சு நிக்கும். அது கொண்டு போய் விட்டா மலை உச்சியில ஒரு ஊரு. ஊரு பூரா கோயிலு.

அம்மா சிரிச்சா. சண்டை வந்ததுக்கு அப்பால அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

"காஞ்சி மாதிரியே இருக்குதுடா வரதா. தெருவுக்குத் தெரு கோயிலு. இங்க எவனும் குண்டு போட மாட்டான்."

அந்தக் கோயில்ல மீனு கிடையாது, கறி கிடையாது. அம்மாவுக்கு அதுவே பெரிய நிம்மதி. சாமியார் எங்களுக்கு பார்லி கஞ்சி குடுத்தார். உலர்த்தின சோயாக் கட்டியை ஊற வெச்சு குழம்பு குடுத்தார். தேவி ரெண்டு கிண்ணம் குடிச்சா. மூணு பேரும் ஒரே மெத்தையில படுத்தோம். சைரன் இல்ல. நான் செத்த மாதிரி தூங்கினேன்.

காலையில அம்மா பின்பக்கத்துக் கதவைத் தள்ளினா. வெளிய பனி. பனிக்குள்ள கல்லு கல்லா நிக்குது. பெரிய மரங்களுக்கு அடியில, கண்ணு எட்ற வரைக்கும். சின்ன கல்லு, பெரிய கல்லு, பாசி புடிச்ச கல்லு. அது இன்னா கல்லுன்னு கேளுடான்னா. கேட்டேன். கல்லறைன்னார் சாமியார். எத்தினி இருக்கும்னு கேட்டேன். லட்சத்துக்கு மேலன்னார். பெருமையா தான் சொன்னார். அவங்களுக்கு அது புண்ணியம். சாமி பக்கத்துல படுத்தா நல்ல கதி.

எங்களுக்கு இன்னா தெரியும்? சின்ன காஞ்சிபுரத்துல கோயில் தெருவுல ஒரு சாவு விழுந்தா, பொணம் எடுக்கற வரைக்கும் கோயில் நடை தொறக்க மாட்டாங்க. சாவு வீட்டு வாசலை மிதிச்சவன் தலை முழுகாம உள்ள வர முடியாது. அதுலயே பொறந்து அதுலயே வளந்தவ அம்மா.

"கோயிலுக்குள்ள பொணமா? பெருமாளே! புள்ளைங்கள சுடுகாட்டுல படுக்க வெச்சுட்டேனே!"

முற்றத்துல ஒரு கல் தொட்டி. மேல ஐஸ் கட்டியிருக்குது. அம்மா கட்டையால உடைச்சா. தன் தலையில ஊத்திக்கினா. என் தலையில ஊத்தினா. மூச்சு நின்னுடுச்சு எனக்கு. அப்பால தேவி. அஞ்சு வயசு. கத்தக் கூட இல்ல. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிடுச்சு. சாமியார் மெத்தையைத் தூக்கிக்கினு வெறுங்காலோட பனியில ஓடி வந்தார்.

"நிறுத்துங்க! குழந்தை செத்துடும்!"

அதை நான் தமிழ்ல சொல்ல வேண்டி வரல. அம்மாவுக்குப் புரிஞ்சுது. மெத்தையில சுத்தி தேவியை மடியில வெச்சுக்கினு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. இதை முட்டாள்தனம்னு சொல்லிட்டுப் போறது சுலபம். அவ கணக்கு வேற. இந்த ஊர்ல இருந்தா தினம் கல்லறை முகத்துல தான் முழிக்கணும். தினம் முழுகினா புள்ள குளிர்ல போயிடும். முழுகாம சோறு போட்டா தீட்டு புள்ளைய அடிச்சிடும். ரெண்டுக்கும் நடுவுல அவளுக்கு வழி தெரியல. காஞ்சியில இருந்தா கேக்கறதுக்கு ஆளு உண்டு. இது வேற தேசம், இது வேற கோயில், பரவாயில்லம்மான்னு ஒருத்தர் சொல்லியிருப்பாங்க. அங்க யாரு இருக்காங்க? நான் தான் அவளுக்கு வாயி. ஒன்பது வயசு வாயி.

கீழ நெருப்பு இருக்குதும்மான்னு சொன்னேன்.

"நெருப்புக்கு ஏதுடா தீட்டு"ன்னா. அப்படியே சொன்னா. நான் இட்டுக்கட்டல.

மறுநாள் இறங்கினோம். கம்பி வண்டி, ரயில், ஹாஷிமோட்டோ, நம்பா, ஓசாகா, கோபே. மேல ஏறினதையே தலைகீழா. தேவிக்குக் கொண்டாட்டம். திரும்ப ரயில்! ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கினு ஒவ்வொரு ஸ்டேஷன் பேரா கேட்டுக்கினே வந்தா. நான் சொல்லச் சொல்ல திருப்பிச் சொன்னா. சாமியார் ஸ்டேஷன் வரைக்கும் வந்து கும்பிட்டார். அவருக்கு இன்னா தப்பு பண்ணோம்னே தெரியல.

நைனா கத்தினார். பைத்தியக்காரி, பெருமாளா வந்து குண்டைக் கையில புடிப்பாருன்னார். கத்தினதோட சரி. ரயில் பர்மிட் திரும்ப வாங்கறது கஷ்டம்னார். வெயில் வரட்டும், பாத்துக்கலாம்னார். அதட்டி அனுப்பியிருக்கலாம். அனுப்பல. அம்மா மேல எனக்கு இருக்கற கோவத்துல பாதி அவரு மேலயும் இருக்குது. இப்பவும் இருக்குது. செத்தவங்க மேல கோவப்படக் கூடாதுன்னு என் மருமக சொல்றா. வேற யாரு மேல படறது? மேல பறந்தவன் பேரு எனக்குத் தெரியுமா?

வெயில் வந்துச்சு. ஜூன் அஞ்சும் வந்துச்சு.

ஓடறோம். ரயில் பாதைத் தூணுக்கு அடியில ஜனம் நெருக்குது. மேல கான்கிரீட்டு, பத்திரம்னு நினைச்சாங்க. ஹருகோ அம்மா உள்ள பூந்து எங்களுக்குக் கையை ஆட்டறாங்க. வா, வான்னு. அம்மா நிக்கல. ஏன் நிக்கலன்னு தெரியாது. மலைப்பக்கம் சந்துல ஏறினா. ரெண்டு பக்கமும் மர வீடு. ரெண்டும் எரியுது. காத்து நெருப்பை உறிஞ்சற சத்தம். குண்டுவீச்சுக்குன்னு தலையில மாட்டியிருந்த என் பஞ்சுத் தொப்பி கருகற வாடை. சந்து முடியற எடத்துல ஒரு கோயிலு. அது பின்னால சரிவுல கல்லறை. கல்லு எரியாது. ஜனம் அங்க ஓடுது. அம்மாவும் ஓடினா. யோசிக்கல. செருப்பு கழண்டு போச்சு. வெறுங்காலோட கல்லறைக்குள்ள ஓடி ரெண்டு கல்லுக்கு நடுவுல குப்புற விழுந்தா. என்னையும் இழுத்து அடியில போட்டுக்கினா.

அப்பத்தான் அந்த உஸ்.

அம்மா குப்புறப் படுத்திருக்குறா. முதுகுல தேவி. அம்மா முதுகுல ஒரு பொட்டு நெருப்பு படல. ஏன்னு உங்களுக்கே புரியும். என்னைச் சொல்ல வைக்காதீங்க.

கட்டியிருந்த துணி முடிச்சை அம்மாவால அவுக்க முடியல. நான் கையாலயே அடிச்சேன். பசை என் உள்ளங்கையில ஒட்டிக்கினு எரிஞ்சுது. ரெண்டு உள்ளங்கையிலயும் ரேகை கிடையாது எனக்கு, விரல் நுனியிலயும் பாதி அழிஞ்சு போச்சு. ரேஷன் கடை மிஷின்ல விரல் வெச்சா சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. அங்க வேற தண்ணி இல்ல. கல்லறைக்கு முன்னாடி பூ வெக்கற கல்லு ஜாடி இருக்கும். அதுல தேங்கின தண்ணி. செத்தவங்களுக்கு வெச்ச தண்ணி. அம்மா ஜாடி ஜாடியா பூவைப் பிடுங்கி எறிஞ்சுட்டு அந்தத் தண்ணியை எடுத்து தேவி மேல ஊத்தினா. ஒவ்வொரு கல்லா ஓடி ஊத்தினா.

மத்தியானம் கறுப்பு மழை பெஞ்சுது. விமானம் போயிடுச்சு. தேவி உயிரோட தான் இருந்தா.

தூணுக்கு அடியில போனவங்க வெளிய வரல. ஹருகோ அம்மா வரல. கடல்பக்கம் போனோம். கிடங்கு இருந்த எடத்துல சுவரு ஒண்ணு மட்டும் நின்னுது. பட்டு எரிஞ்சா மயிரு பொசுங்கற நாத்தம் வரும். காஞ்சியில நூலைக் கொளுத்திப் பாத்தவங்க எல்லாருக்கும் தெரியும். துறைமுகம் பூரா அந்த நாத்தம். அதுல நைனா எங்கன்னு தேடறது. அம்மா சாம்பலைப் பாத்தா. தேவியைப் பாத்தா. தேவி முனகினா. அம்மா திரும்பிட்டா.

"மலைக்கு நட. அந்த சாமியாருக்கு வைத்தியம் தெரிஞ்சிருக்கும். நட வரதா."

நடந்தோம். தண்டவாளத்து மேலயே கிழக்க. தண்டவாளம் சுட்டுது. ஏழாம் தேதி ஓசாகா மேல குண்டு போட்டான். நாங்க ஒரு ஆத்தங்கரையில படுத்துக்கினு பாத்தோம். அந்த ஊரு எரிஞ்சு அடங்கற வரைக்கும் காத்திருக்க வேண்டியதா போச்சு. அங்கேர்ந்து தெற்க போற வண்டி ஒண்ணு கிடைச்சுது. டிக்கெட் கேக்க வந்தவர் தேவியைப் பாத்தார். கேக்காம போயிட்டார்.

தேவி அம்மா மடியில குப்புறப் படுத்திருக்குறா. ஜன்னல் பாக்க முடியல. அதனால என்னைக் கேக்கறா.

"அண்ணா, இது எந்த ஸ்டேஷன்?"

சகாய்னேன். அடுத்து கவாச்சி நாகானோ. அடுத்து குகை வரும், பயப்படாத. அவ வாயில ஈ மொய்க்குது, அதை ஓட்டிக்கினே சொல்றேன். குடோயாமா தாண்டிச்சு. வண்டி ஏறுது. வளைவுல சக்கரம் கத்துச்சு.

"ரயிலுக்கும் எரியுதாண்ணா?"

அம்மா அழுதது அங்க தான். அது வரைக்கும் அழல. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் நான் பாத்து அழல.

சாமியார் எங்களைப் பாத்ததும் ஓடி வந்தார். தேவியைக் கையில வாங்கிக்கினார். அங்க மருந்து இல்ல. எண்ணெய் இருந்துச்சு, அதைத் தடவினார். மறுநாள் காலையில தேவி தண்ணி கேட்டா. குடிச்சா. கொஞ்ச நேரத்துல எல்லாம் முடிஞ்சுது. நாங்க ரெண்டே ரெண்டு மாசம் முன்னாடி அதே ரூம்ல, அதே மெத்தையில தூங்கினவங்க. அவ இறங்காம அங்கயே இருந்திருந்தா ஒரு சளி புடிச்சிருக்கும். சளி. எந்தப் புள்ளைக்குத் தான் சளி புடிக்கல, சொல்லுங்க!

பின்பக்கத்துக் கதவுக்கு அந்தாண்ட, பெரிய மரத்தடியில புதைச்சோம். முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்லு. பேரு வெட்ட ஆளு இல்ல, எல்லாரும் சண்டைக்குப் போயிட்டாங்க. சாமியார் மந்திரம் சொன்னார். முடிஞ்சதும் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். பாவம், எங்க வழக்கத்தை ஞாபகம் வெச்சிருந்தார். அம்மா வேணாம்னு தலையை ஆட்டிட்டா. அன்னைக்கு அம்மா குளிக்கல. மறுநாளும் குளிக்கல. மண்ணு ஒட்டின கையோடயே கஞ்சி குடிச்சா.

ஆகஸ்ட் பதினஞ்சு, சண்டை முடிஞ்சுதுன்னு ரேடியோவுல ஜப்பான் ராஜா பேசினார். எல்லாரும் முட்டி போட்டு அழுதாங்க. அம்மா கல்லுக்குப் பக்கத்துல இலை பொறுக்கிக்கினு இருந்தா. அடுத்த வருஷம் கப்பல் கிடைச்சு மெட்ராஸ் வந்தோம். அங்கேர்ந்து சின்ன காஞ்சிபுரம். பெரியம்மா வாசல்லயே நிறுத்திக் கேட்டாங்க.

"தீட்டு கழிச்சீங்களாடி?"

"சாவைக் கண்டா கதவைச் சாத்தற சாமி எனக்கு வேணாம் அக்கா"ன்னா அம்மா. பெருமாள் கோயில் மதிலுக்குப் பக்கத்துலயே இருந்தா. கருட சேவைக்கு ஊரே தெருவுல நிக்கும். அவ பின்கட்டுல பாத்திரம் தேய்ப்பா. சாகற வரைக்கும் உள்ள காலை வெக்கல. பெரியம்மா திமிருன்னாங்க. தெருவே திமிருன்னுச்சு. எவனாச்சும் இன்னா நடந்துச்சுன்னு கேட்டானா? ஒருத்தன் கேக்கல. ஜப்பான்ல பொண்ணு பொறந்துச்சாம், போயிடுச்சாம், அவ்ளோதான் பேச்சு. அத்தைங்க பாக்கல, மாமனுங்க பாக்கல. பாக்காத புள்ளைக்கு யாரு அழுவாங்க.

என் பேரன் தினேஷ் ஸ்ரீபெரும்புதூர்ல கார் பார்ட்ஸ் கம்பெனியில இருக்குறான். போன வருஷம் டிரெய்னிங்குன்னு ஓசாகாவுக்கு அனுப்பினாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அந்த மலைக்குப் போனான். நான் தான் போகச் சொன்னேன். நம்பாவுல ஏறினா நேரா போகுதாம் இப்போ. வந்து போன்ல வீடியோ காட்டினான். "செம ப்ளேஸ் தாத்தா! டிரெயின் வளைஞ்சு வளைஞ்சு ஏறுது பாரு"ன்னான். பாத்தேன். சக்கரம் கத்துச்சு. போனைக் கீழ வெச்சுட்டேன். கல்லு இன்னாச்சுடான்னேன். அவன் முகம் மாறிடுச்சு. நல்ல புள்ள தான்.

"சின்னக் கல்லு ஆயிரக்கணக்குல இருக்குது தாத்தா. பேரே இல்லாம. அந்தக் கோயில்காரங்களும் மாறிட்டாங்க. ஒவ்வொண்ணா பாத்துக்கினு சாயங்காலம் வரைக்கும் நடந்தேன். எதுன்னு தெரியல. மன்னிச்சுக்க தாத்தா."

இந்த வாரம் டிவியில வேற ஏதோ ஊரு. வேற ஏதோ விமானம். ஒருத்தி புள்ளைய முதுகுல கட்டிக்கினு ஓடறா. கீழ எழுத்துல செத்தவங்க எண்ணிக்கை ஓடுது. தங்க விலையும் அதே வரியில ஓடுது. எங்க வீட்ல சாப்பிட்டுக்கினே பாக்கறாங்க. நான் எழுந்து உள்ள போயிட்டேன்.

என் எண்ணிக்கையை நான் சொல்லிடறேன். எவனும் எழுதி வெக்கல.

நைனா. உடம்பு கிடைக்கல. ஹருகோ அம்மா. கையை ஆட்டிக்கினு இருந்தாங்க. கோபேல வீடு, அதுல ஒரு தையல் மிஷின், அம்மா கல்யாணப் புடவை. நாங்க நாலு பேரா எடுத்துக்கின ஒரே ஒரு போட்டோ, அதுவும் வீட்டோட போச்சு. அம்மா. அவ காஞ்சியில தான் கட்டில்ல செத்தா, ஆனா நான் அவளையும் இதுல தான் சேத்துக்கறேன்.

தங்கச்சி பெருந்தேவி. வயசு அஞ்சு. முன்பல்லு ஒண்ணு விழுந்திருந்துச்சு. இடது புருவத்துல மச்சம். இந்த ஊர்ல அவளைப் பாத்த கண்ணு ரெண்டு தான் மிச்சம். ரெண்டும் என்னுது. ஒண்ணு புரை வந்து போயிடுச்சு.